வாளியோடு நின்றோம்

என் கோபக்காரிக்கு,

சாப்பாடு எப்படி என்று கேட்டிருந்தாய். உன் அப்பாவின் மீன்கடை நாற்றம் தாங்காமல் கப்பற்படைக்கு ஓடிவந்தவன் நான். இங்கே மூன்று வேளையும் மீன்தான், சிரித்துக்கொள்.

சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போகிறோம். நீருக்கடியில் ஒலி அனுப்பி, எதிரொலி கேட்டால் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் என்று குண்டு போடுவோம். பாதி நேரம் அது மீன்கூட்டமாக இருக்கும். வயிறு தெரிய மிதக்கிற மீன்களை அள்ள, சமையல்காரர் டாப்லி வாளியோடு ஓடிவருவார்.

எதிரொலி கேட்கும் வேலை ப்ரூயெட்டுடையது. போன வாரம் கேப்டன் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, நீ எதிரியத் தேடுறியா, சாப்பாட்டத் தேடுறியா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது, ஐயா."

"அப்ப அடியில எலுமிச்சம்பழம் இருக்கான்னும் கேட்டுச் சொல்லு!"

நேற்று மறுபடி எதிரொலி. குண்டு போட்டோம். நானும் வாளியோடு நின்றேன். "இன்னிக்குப் பெருசா வரும் பாரு," என்றார் டாப்லி.

முதலில் எண்ணெய் வந்தது. பிறகு ஒரு தொப்பி. பிறகு ஒற்றைக் கம்பளிக் காலுறை. யார் வீட்டிலோ பின்னியது. நூல் போதாமல், நீ செய்வதுபோலவே, குதிகாலுக்கு மட்டும் வேறு நிறம் போட்டிருந்தார்கள்.

எல்லாரும் கத்திக் கொண்டாடினார்கள். நானும் கத்தினேன். டாப்லி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

சரி, அதை விடு. போர் முடிந்ததும் கடைக்கு வந்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல். நாற்றத்தைப் பற்றி இனி வாய் திறக்க மாட்டேன். கூடையில் இருப்பது மீன்தான் என்று தெரிந்தால் போதும்.

காலுறை போட்டுக்கொண்டு எழுதும்,
உன் வீட்டுக்காரன்