கவர் பிரிக்காத நாற்காலிகள்

ஏப்ரல் 6, ஞாயிறு

அஃப்ரின் சென்னையிலிருந்து மறுபடியும் ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறாள். தோட்டத்தில் போடுகிற சாய்வு நாற்காலி. பிரம்பு மாதிரி தெரியும், பிரம்பு இல்லையாம். படத்தில் ஒரு வெள்ளைக்காரி கறுப்புக் கண்ணாடி போட்டுக் கால் நீட்டிப் படுத்திருக்கிறாள். வாப்பா வருவதற்குள் ஆர்டர் போட்டுவிடு என்று கீழே எழுதியிருக்கிறாள். மகளுக்கு எல்லாம் விரல் நுனியில். எனக்கு ஒரு பொருளைத் தொட்டு, ஆட்டி, உட்கார்ந்து பார்த்தால்தான் மனசு ஒப்பும்.

அவர் ஜூன் மாதம் கேன்சலில் வருகிறார். லீவில் இல்லை. கத்தாரில் அந்த அரபி வீட்டு டிரைவர் வேலையை முடித்துக்கொண்டு, ஒரேயடியாக. எழுதும்போதே கை கூசுகிறது, கண் பட்டுவிடுமோ என்று. கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். சேர்ந்து இருந்ததெல்லாம் லீவு மட்டும்தான். லீவில் வருகிற மனுஷனுக்கு உட்கார ஏது நேரம்? கல்யாண வீடு, மௌத்து விழுந்த துக்க வீடு, சிமெண்டு, கம்பி. இலஞ்சியில் இந்த வீட்டைக் கட்டியதே அப்படித்தான்.

போன தடவை கிளம்பும்போது பின்வாசல் கொய்யா மரத்தைக் காட்டி, "இங்கன ரெண்டு சேர் போட்டு இருந்தா மலை தெரியும்லா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 9

பக்கத்து வீட்டு எப்சிபா டீச்சரைக் கூட்டிக்கொண்டு தென்காசியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பிளாஸ்டிக் வேண்டாம் என்று டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் வீட்டு மாடியில் கிடந்தது வெயிலில் வெளுத்து, ஒருநாள் அவருடைய நாத்தனாரோடு சேர்த்து உடைந்ததாம். சொல்லும்போது டீச்சர் முகத்தில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. நிஜப் பிரம்பு அழகுதான், ஆனால் ஒரு சீசன் சாரலுக்குத் தாங்காது. தேக்கு விலையைக் கேட்டதும் இருவரும் மரியாதையாக எழுந்துவிட்டோம்.

கடைசியில் அஃப்ரின் அனுப்பிய மாதிரியே ஒன்று. இரும்புச் சட்டம், அதில் பிளாஸ்டிக் பிரம்பு பின்னியது. நியாயமான விலை, பல வருஷம் உழைக்கும் என்றார்கள். சாய்ந்தால் முதுகு தானாகப் பின்னால் போகிறது. சாய்ந்தேன். ஒண்ணுதானே என்று கடைக்காரர் கேட்டார். "ரெண்டு" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

ஏப்ரல் 10

அவருக்குப் படம் அனுப்பினேன். பதிலுக்கு நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ். காலுக்கு அடியில் ரப்பர் இருக்கா பாரு, நட்டு ஸ்டீலா இரும்பா கேளு, குஷன் உறையை ஜிப் திறந்து கழற்றித் துவைக்க முடியுமா பாரு. வண்டி ஓட்டுகிற மனுஷனுக்கு நாற்காலியைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரியும்? சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை இல்லை.

மறுபடியும் போட்டுக் கேட்டேன். நட்டுக்காக இல்லை. குரலுக்காக.

ஏப்ரல் 14

நாற்காலிகள் வந்துவிட்டன. பின்வாசல் தகர ஷீட்டுக்குக் கீழே, கொய்யாவை ஒட்டிப் போட்டாயிற்று. வேன்காரர் பாலிதீன் கவரைக் கிழிக்கப் போனார். தடுத்துவிட்டேன். அவர் வந்து பிரிக்கட்டும்.

எங்கள் வீடுகளில் அப்படித்தான். சம்பாதித்து அனுப்புகிறவர் பார்க்கும் முன்னால் நாம் புதுசை அனுபவித்தால் மனசு கேட்காது. ஹால் சோபாவுக்கு இன்னும் கவர். பிரிட்ஜ் கதவில் கம்பெனி ஸ்டிக்கர் அப்படியே. டீச்சர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல கவர் போடாதது நீங்க ஒரு ஆளுதான் மாஜிதா" என்றார். சிரித்தேன். உள்ளே வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 27

வெயில் கொளுத்துகிறது. கரண்ட் வேறு இல்லை. பின்வாசல் படியில் விசிறியோடு உட்கார்ந்திருந்தேன். படி சுட்டது, இடுப்பு வலித்தது. கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு சாய்வு நாற்காலி, கவருக்குள் வியர்த்துக்கொண்டு. நான் என்ன லூசா? உக்காந்தா யாரு என்ன சொல்லப் போறா?

உட்காரவில்லை.

மே 11

இன்று பால்காரரிடம் "அரை லிட்டர்" என்றேன். அதைக் கணக்கில் சேர்த்தால், பேசினேன்.

மே 24

முதலாளி இன்னும் பேப்பரில் கையெழுத்துப் போடவில்லையாம். புது ஆள் வந்து பழகும்வரை இருக்கச் சொல்கிறார்களாம். பெருநாளுக்கு வர முடியாது என்றார். சரி என்றேன். போனை வைத்த பிறகு, "அப்போ வராதிய, அங்கனயே இருங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். அடுப்படிக்குத்தான் கேட்டிருக்கும்.

இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம் என்றுதானே இத்தனை வருஷமும் போனது. பயமாக இருக்கிறது. இந்தத் தடவை வராவிட்டால் என்னால் முடியாது.

ஜூன் 3

சாரல் விழுந்துவிட்டது. குற்றாலம் போகிற வேன்கள் விடிந்ததிலிருந்து ஹார்ன் அடிக்கின்றன. குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். வெயிலுக்கென்று நாற்காலி வாங்கினேன். வெயில் காலமே போய்விட்டது, ஒருத்தர் உட்காரவில்லை.

ஜூன் 7

பெருநாள். அஃப்ரினும் அவரும் வீடியோவில் வந்தார்கள். பிரியாணியில் பாதியை டீச்சர் வீட்டுக்குக் கொடுத்தேன். ஒரு பிடிகூடக் குறைக்காமல் பெரிய குடும்பத்துக்கு வடிப்பது போலவே இன்னும் வடிக்கிறேன்.

ஜூன் 19

டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தேன். திரும்பிப் போகிற தேதி இல்லை. ஒரு வழிதான்.

ஜூன் 26

வந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

டீ குடித்த கையோடு பின்வாசலுக்கு அழைத்துப் போனேன். அவரே கவரைப் பிரித்தார். உள்ளே குஷன் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம். சட்டத்தின் வளைவுகளில் துரு. மக்கிய வாடை. பார்த்துப் பார்த்து உழைக்கிற சாமானாக வாங்கிக் கவருக்குள் வைத்து அழுக விட்டிருக்கிறேன். சாரல் ஈரம் உள்ளே போனால் லேசில் வெளியே வராது என்று இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா?

என்ன சொல்வாரோ என்று நின்றேன். அவர் உறைகளைக் கழற்றி வெந்நீரில் போட்டார், உப்புத்தாள் கேட்டார். வந்த அன்றைக்கே குந்தி உட்கார்ந்து துரு தேய்த்தார்.

ஜூன் 30

சாயங்காலமானால் நாற்காலிகளைத் துடைக்கிறார், குஷனைத் தட்டி வைக்கிறார். நான் உட்காருகிறேன். அவர் உட்காருவதில்லை. டீயும் அவரே போட்டுக் கொண்டுவந்து என் கையில் தருகிறார். பிறகு முதுகுச் சட்டத்தில் ஒரு கையை வைத்து நிற்கிறார். இருங்க என்றால் இருக்கட்டும் என்கிறார்.

பக்கத்து நாற்காலி, அவர் வந்த பிறகும் காலி. படியில் தனியாக விசிறிக்கொண்டிருந்தபோதுகூட இவ்வளவு தனியாக இருந்த மாதிரி இல்லை.

ஜூலை 2

கேட்டேவிட்டேன். என்கூட இருக்கப் பிடிக்கலையா?

அவர் பதறிப்போனார். "அங்க தோட்டத்துல சாயந்தரமானா சேர் எடுத்துப் போடுததும் நாந்தான், அவங்க எந்திரிச்ச பொறவு உள்ள எடுத்து வைக்கிததும் நாந்தான். பக்கத்துல நின்னே பழகிட்டு மாஜிதா. உக்காந்தா யாரோ கூப்பிடுத மாதிரியே இருக்கு."

டிரைவர் என்றுதான் எனக்குத் தெரியும். டிரைவர்தான், வண்டி ஓடாத நேரமெல்லாம் இந்த வேலை. பழைய போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். பச்சைப் புல், வெள்ளை நாற்காலிகள், சிரித்தபடி அவர். எல்லாவற்றிலும் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். அழகான இடம் என்று ஊரெல்லாம் காட்டியிருக்கிறேன். ஒருநாளாவது கவனித்தேனா?

ஜூலை 9

மத்தியானத்திலிருந்து மலை தெரியவில்லை, ஒரே மேகம். சாயங்காலம் நான் உட்கார்ந்திருந்தேன், அவர் வழக்கம்போல நின்றார். காற்று திரும்பிச் சாரல் ஷீட்டுக்குள் அடித்தது. உடனே காலி நாற்காலியின் குஷனை எடுக்கக் குனிந்தார். எழுந்துபோய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"நனையட்டும். யாரு வந்து கேக்கப் போறா?"

அவர் இழுத்தார், நானும் இழுத்தேன். இந்த வயசில் என்ன கூத்து. டீச்சர் பார்த்திருந்தால் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருப்பார். கடைசியில் அவர் விட்டுவிட்டார், குஷனைத் திரும்ப நாற்காலியில் போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், அந்த ஈரக் குஷனிலேயே உட்கார்ந்தார். முதலில் நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் மலை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல முதுகு சாய்ந்தது. நாற்காலியும் கூடவே பின்னால் போனது.

கொஞ்சம் கழித்து, எழுந்திருக்காமல், கண்ணைக்கூடத் திறக்காமல், "மாஜிதா, ஒரு டீ கொண்டா" என்றார்.

வேறு எந்தப் பொம்பளையும் இதற்குச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள். டீ கொதிக்கும்வரை அடுப்படியில் நின்று அழுதேன். இரண்டு தம்ளரோடு வந்தால், மனுஷன் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருக்கிறார். சாரல் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது. எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு டீயையும் நானே குடித்தேன்.