இளைத்தால்தான் வருவாயா?

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு அத்தனை நீளமாக எழுத உனக்கு நேரம் கிடைத்திருக்காது. எங்களிடம் விட்டுப்போன உன் மகள்தான் சுகமாக இல்லை. தாடையில் தையல் போட்டிருக்கிறது.

போன பருவத்தில் வந்த விளையாட்டு டீச்சர் குண்டு ஒல்லி பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து ஓடவிட்டார், பந்து ஆடவிட்டார். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த உன் மகள், பள்ளி விட்டால் என் பூட்டுக்கடைக்கு ஓடியே வர ஆரம்பித்தாள். டாக்டரும் பார்த்துவிட்டு, எடை அப்படியே இருந்தாலும் பரவாயில்லை, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, விளையாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார். இதை உனக்குப் போனில் மூச்சு விடாமல் சொன்னேன். நீ கேட்டது ஒன்றுதான், எத்தனை கிலோ குறைந்தாள் என்று. செவிடன் காதில் சங்கு ஊதியிருக்கலாம்.

எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தலைமையாசிரியைக்கு எழுதி, அவளைப் பந்தாட்டத்திலிருந்து எடுத்து, எடை குறைய ஓடமட்டும் விடச் சொல்லியிருக்கிறாய். அந்த அம்மாவுக்கும் அது வசதியாகப் போயிற்று, இன்னும் நாலு பருமனான பிள்ளைகளைச் சேர்த்துத் தனிக்கூட்டமாக்கி, மற்றவர்கள் விளையாட இவர்களை மதிலோரமாக ஓடவிட்டு, வாராவாரம் எடை பார்த்துத் தாளைச் சுவரில் ஒட்டினார்கள். ஊரே நின்று சிரித்தது. இவள் மதியச் சாப்பாட்டைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு வெறும் வயிற்றோடு ஓடியிருக்கிறாள். குழாயடியில் மயங்கி விழுந்ததில் தாடை கிழிந்தது.

கடையை அடைத்துவிட்டு ஓடினேன். டீச்சர் கண் கலங்கி, வேண்டாமென்று சொன்னேன், கேட்கவில்லை என்றார். தலைமையாசிரியை கம்ப்யூட்டரைத் திருப்பி உன் கடிதத்தைக் காட்டினார். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? சுவரில் ஒட்டியிருந்த எடைத் தாளை நானே கிழித்துப் போட்டேன். தாய் எழுதித் தந்தால்தான் மாற்றுவோம் என்றார். "வளர்க்கிறது நான். பழையபடி எல்லாரோடயும் விளையாட விடுங்க, இல்லன்னா இங்கேயே உக்காந்திருப்பேன்" என்று சொல்லி உட்கார்ந்தும் விட்டேன். மற்ற பிள்ளைகளின் பெற்றோரும் வந்து சேர்ந்த பிறகுதான் தனிக்கூட்டத்தைக் கலைத்தார்கள்.

திரும்பி வரும் வழியில் அவள் கேட்டாள், "தாத்தா, நான் இளைச்சாதான் அம்மா லீவுக்கு வருவாங்களாம். இப்ப ஓடறத நிறுத்திட்டா வரமாட்டாங்களா?"

பெற்ற பிள்ளையைப் பார்க்க வருவதற்குக்கூட நீ தராசு வைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் உன்னை அப்படி வளர்க்கவில்லை.

தையல் பிரிக்கும்வரை ஓடக்கூடாது என்பதால் இப்போது மைதானத்து ஓரம் உட்கார்ந்து மற்றவர்களை ஓடு ஓடு என்று சத்தம் போட்டு விரட்டுகிறாளாம், டீச்சர் சொன்னார். சாப்பிடுகிறாள். உன் போன் வந்தால் மட்டும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். நான் கதவைத் தட்டமாட்டேன். லீவு போட்டுக்கொண்டு நேரில் வா. கிலோ என்ற சொல் உன் வாயிலிருந்து வந்தால், மகள் என்றும் பார்க்காமல் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

கோபம் தீரவில்லை, ஆனாலும் நீ நன்றாக இருக்கவேண்டும். வரும்போது அவளுக்கு ஓடுவதற்கு ஒரு ஷூ வாங்கி வா, இருப்பது அடி தேய்ந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் அப்பா