நிஸா பாதியில் விட்ட அனிமே

என் நிஸா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் கை போகிறது. கேட்காமல் விடுகிறேன். நல்ல செய்தி ஒன்று இருக்கிறது: உன் அனிமே வெட்டு தப்பிவிட்டது.

போன கிழமை உன் கூடப்பிறந்த நானா மெசேஜ் போட்டிருந்தார். உன் லெப்டொப்பைத் தன் கடைப் பாவனைக்கு எடுக்கப் போகிறாராம். உள்ளே இருப்பதை அழிக்க முன் எனக்கு ஏதும் வேண்டுமா என்று கேட்டிருந்தார். தன் ஊரைத் தேடி மலை மலையாய் அலைகிற அந்தப் பையனின் ஜப்பான் கார்ட்டூன் தொடரில், இழுத்தடிப்பதற்காகச் செருகிய ஃபில்லரை எல்லாம் நீக்கி நீ வெட்டிச் சேர்த்தது அதற்குள் மட்டும்தானே இருந்தது? கடைசிப் பகுதி ஒன்றுதான் மிச்சம். "கதை நகரல்லயா, வெட்டு" என்பாய். ஆளை ஆள் முறைத்துப் பார்க்கிற காட்சி, முதல் நாள் கதையைத் திரும்பச் சொல்வது எல்லாம் பறக்கும்.

"வேணும்" என்று ஒரு சொல் எழுத எனக்குப் பின்னேரமானது. என்னை உனக்குத் தெரியும்தானே. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. போன் அடித்தால் இன்னும் வேறு யாராவது எடுக்கட்டும் என்று கோவைத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருப்பேன். நீ மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு மூதூரில் உன் வீட்டுப் பக்கம் வரவே பயம். உன் உம்மாவின் முகத்தைப் பார்த்து நான் என்ன கதைப்பது?

சனிக்கிழமை பஸ் ஏறினேன். சொல்ல வேண்டியதைக் கிண்ணியாப் பாலம் வரும்வரை மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன். ஒன்றுமே தேவைப்படவில்லை. உம்மா கதிரையை இழுத்துப் போட்டா.

"இஞ்ச இரிங்க மகள். உங்களிட்ட ஒண்டு கேக்கணும் எண்டுதான் இருந்த நான்."

லெப்டொப்பைத் திறந்தா. அசர் தொழுதுவிட்டு, நானா வீட்டில் இல்லாத நேரம், நாளாந்தம் உன் வெட்டைத்தான் பார்க்கிறாவாம். பாஷை விளங்காது, கீழே ஓடுகிற எழுத்தும் வாசிக்க ஏலாது.

"இவன் எப்ப மகள் சோறு திங்கிற?"

"என்ன உம்மா?"

"மலை ஏறுறான், சண்டை பிடிக்கான், திரும்ப மலை ஏறுறான். முன்னுக்கெல்லாம் நல்லாத் திண்டான். இப்ப ஒரு வாய் சோத்தக் காணல்ல. இவன்ட உம்மா கண்டா என்ன பாடுபடுவா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுவேன் என்று பயந்து வந்த வீட்டில் சிரித்தேன். "சாப்பாட்டை எல்லாம் நிஸா வெட்டிட்டாள் உம்மா" என்று சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது. தொடக்கத்தில் அவன் சாப்பிடுவதை நீ தொடவே இல்லையே. "இது ஃபில்லர் இல்லடி, பசி" என்று என்னோடு சண்டை பிடித்தாயே. நோய் முற்றி உன் தொண்டையில் கஞ்சியும் இறங்காமல் போன மாதங்களில்தான் அவனுக்கும் சோறு இல்லாமல் போயிருக்கிறது. பார்க்கவே உனக்கு அவ்வளவு நொந்ததா? ஏன் சொல்லவில்லை?

உம்மா எழும்பிக் குசினிக்குப் போய்ச் சோறும் மீன் ஆணமும் கொண்டுவந்து என் கையில் தந்தா. "நீங்க தின்னுங்க. அவள் வெட்டி வீசினதில ஒண்டப் போடுங்க பாப்பம்."

லெப்டொப்பில் கிடந்த முழுத் தொடரில் நீ நீக்கின ஒரு விருந்தைத் தேடிப் போட்டேன். அவன் கோப்பை கோப்பையாக அள்ளித் தின்கிறான், கன்னமெல்லாம் சோற்றுப் பருக்கை. உம்மா திரையைப் பார்த்துச் சொன்னா: "மெல்லத் தின்னுடா, விக்கும்."

எத்தனையோ மாதங்களாக நெஞ்சில் கிடந்த கனம் அந்த இடத்தில் இறங்கிப்போனது, நிஸா. முழுவதையும் என் டிஸ்க்கில் எடுத்துக்கொண்டுதான் திரும்பினேன்.

நீ வெட்டினதில் ஒரு நொடியையும் நான் மாற்றமாட்டேன். கடைசிப் பகுதியை முடித்து, முதலில் உம்மாவுக்குக் கொண்டுபோய்க் காட்டுவேன். ஊருக்குத் திரும்பி வந்தவன் எல்லோரோடும் சாப்பிட உட்காருகிறான் அதில். கதை நகராதுதான். ஆனாலும் வெட்டமாட்டேன். அதைப் பார்த்தால் உனக்கு இனி நோகாது.

உன் உம்மாவுக்கு இன்னொரு மகளாகிவிட்ட,
மதி