போட்டு வாறன் சொல்லும் கப்பற்படை

வெள்ளிக்கிழமை, இரவு

சகலருக்கும் அறியத்தருவது: நானும் தம்பியும் கொப்பியில் படமாகக் கீறி உருவாக்கிய விண்வெளிக் கப்பற்படை இன்று தடைசெய்யப்பட்டது. தடை போட்டவர் அம்மா. தம்பி தோளில் பட்டி ஒட்டிக்கொண்டு எனக்கு சல்யூட் அடித்ததைக் கண்டுவிட்டார்.

"வீட்டுக்குள்ளை ஆமி விளையாட்டு வேண்டாம்."

"இது ஆமி இல்லையம்மா, கிரகம் பாக்கப் போற ஆக்கள். பேர்தான் படை. படையலிலையும்தான் படை இருக்கு, ஒருதருக்கும் நோகாது."

"அப்ப ஏன் சுடுற துவக்கு கீறி வைச்சிருக்கிறியள்?"

"அது டோர்ச் லைற். அங்கை ஒரே இருட்டெல்லோ."

அம்மா சிரிக்கவில்லை. "உங்கடை ஆக்கள் வீட்டிலை சொல்லிப்போட்டே போறவை?" என்று கேட்டார்.

அம்மாவின் அண்ணை, பள்ளிக்கூடம் போகிறவர்போலப் போய், போராட இயக்கத்தில் சேர்ந்தவர். திரும்பி வரவில்லை.

உடனே தளபதியாகிய நான் சட்டம் அறிவித்தேன். தாயிடம் "போட்டு வாறன்" என்று சொல்லி விடைபெறாதவனைக் கப்பலில் ஏற்றக்கூடாது. தாய் "ஓம், போட்டு வா" என்றால்தான் கப்பல் கிளம்பும்.

அம்மா தம்பியின் தோள்பட்டியை நேராக்கிவிட்டார். தடை நீங்கியது.

வாதத்தில் அம்மாவை வென்றேன் என்று பெருமையடிக்கத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் அம்மாவை விட்டுப் போக எனக்கே மனம் வரவில்லை. தளபதி இதை எழுதுவதும் அம்மாவின் அறையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டுதான்.