அந்த ஒரு நிமிடத்தை எடுக்க மாட்டோம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம், அங்கே நீயும் மருமகளும் குட்டிப்பயலும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறச் சொன்னால் வரும், சீட்டாடக் கூப்பிட்டால் போய்விடும். நேற்று நீ போட்ட சத்தத்துக்குப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன் என்று உனக்குக் கோபம் இருக்கும். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், விஷயம் அந்தரத்தில் நிற்கும். அதனால்தான் கடிதம். பாதியில் மடித்து வைக்காமல் முழுசாகப் படி.

உன் தங்கச்சி எடுத்த படத்தை உன் மாமனார் வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள், மானம் போகிறது, உன் கல்யாணத்தைப் பற்றி அவள் பேசும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றாய். எடுக்க மாட்டோம். இதற்கு மேல் நீ படிக்கப் போவதெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்தானே தவிர, சமாதானம் இல்லை.

நூலகத்து மாடியில் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடக்கிறது. கை கால் வராதவர்கள், கண் தெரியாதவர்கள், சின்னவளைப் போலப் பேச்சு திக்குகிறவர்கள் எல்லாம் தங்கள் கதையைத் தாங்களே செல்போனில் பிடித்து, தாங்களே வெட்டி ஒட்டி இன்டர்நெட்டில் போடுகிறார்கள். நடத்துகிறவர் ரிட்டயரான டெலிபோன் ஆபரேட்டர், அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. காதாலேயே படத்தை வெட்டச் சொல்லித் தருகிறார். மூஞ்சி எப்படி இருந்தா எனக்கென்னம்மா, மூச்சு எங்க விடுறாங்கன்னு தெரிஞ்சா போதும் என்பார். முதல் நாள் நான் போனுக்குப் பின்னால் நின்றேன். இருபத்தாறு வருஷப் பழக்கம் விடுமா, அவள் ஒரு சொல்லுக்குத் திணறினால் நான் மூன்று சொல் எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் கல்யாணத்தன்னிக்கு நான் என்று அவள் ஆரம்பித்தாள், ரொம்ப சந்தோஷமா இருந்தேன் என்று நான் முடித்தேன். ஆபரேட்டர் அதைத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, இதுல உங்க பொண்ணு எங்கம்மா இருக்கா என்றார். எனக்குச் சுருக்கென்றது, கோபமும் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து என்னை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். துணைக்கு வருகிற அம்மா அப்பா எல்லோருக்கும் அந்த பெஞ்சுதான். கதை யாருடையதோ அவர்கள் மட்டும்தான் வெட்டலாம், சொல் வராமல் திணறுகிற இடத்தை யாரும் வெட்டக் கூடாது, அங்கே இதுதான் சட்டம். ஏழு வாரம் பெஞ்சைத் தேய்த்த பிறகு எல்லோரையும் போல நானும் படமாகத்தான் அதைப் பார்த்தேன்.

காலையிலேயே புதுத் துணி உடுத்தி, தலை வாரி, மண்டபத்தின் பின்னறையில் உட்கார வைத்தாங்க, கதவை வெளியே தாழ் போட்டாங்க, மைக்கில் ஒவ்வொருத்தராகப் பேர் சொல்லிப் போட்டோவுக்குக் கூப்பிட்டாங்க, என் பேரும் வரும்னு சாயங்காலம் வரைக்கும் தலை கலையாம உட்கார்ந்திருந்தேன் என்கிறாள். இதில் எதை எடுப்பது, நீயே சொல்லு. ஒரு எழுத்து பொய்யா? உங்கப்பாவும் முதலில் உன் பக்கம்தான் பேசினார், அவன் சொல்றதும் நியாயம்தானே என்றார். உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். நேற்று அவர் சீட்டாடப் போகவில்லை.

உன்னைக் குற்றம் சொல்கிறாள் என்றுதானே குதிக்கிறாய். தாழ் போட்டது நான்தான். தங்கச்சி எங்கேம்மா என்று நீ கேட்டாய், தூங்குகிறாள் என்றேன். நீயும் மறுபடி கேட்கவில்லை, அது உன் பங்கு. சம்பந்தி வீட்டார் முன்னால் அவள் வாயில் எச்சில் ஒழுகினால் என்ன நினைப்பார்களோ என்று நானாகவே பயந்து செய்த வேலை. தன் பேரும் வரும் என்று அவள் காத்திருப்பாள் என்பது பெற்ற வயிற்றுக்குத் தெரியாமல் போய்விட்டது. யார் தாழ் போட்டது என்று அவள் படத்தில் சொல்லவே இல்லை, கவனித்தாயா? என் பேரைப் போடடி, நான் தாங்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். மெதுவாக, அவளுக்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு, அது உன் கதைம்மா, நீ சொல்லு என்றாள்.

சொல்லிவிட்டேன். போன சனிக்கிழமை அதே நூலகத்து மாடியில் போன் முன்னால் உட்கார்ந்து, தாழ் போட்ட அம்மா நான்தான் என்று முகத்தை மறைக்காமல் சொன்னேன். வருகிற வெள்ளிக்கிழமை அதுவும் இன்டர்நெட்டில் வரும். உன் மாமனார் பார்க்கட்டும், மாமியார் பார்க்கட்டும், நாலு பேருக்கு அனுப்பவும் சொல்லு. தலைகுனிய வேண்டியவள் நான், நானே குனியப் போவதில்லை, நீ எதற்குக் குனிகிறாய்?

தாழ் போட்டது நான்தான் என்று மருமகளிடம் நீயே முதலில் சொல்லிவிடு, அடுத்தவர் சொல்லித் தெரிய வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு, பேரனை அதட்டாதே. மூவரும் நோய் நொடியில்லாமல் நிறைந்து வாழ வேண்டும். ஒன்று மறக்காதே, அந்த நிமிடத்தைப் பற்றி இனி என்னிடம் பேசாதே, அவளிடம் பேசு. அவளிடம் ஆறு வருஷமாகத் தனி போன் இருக்கிறது, அண்ணனுக்கு என் நம்பர் தெரியாதும்மா என்று நேற்றுதான் சொன்னாள். உனக்கு நான் அனுப்பட்டுமா என்று கேட்டேன், கூடாது என்கிறாள். நீயாகத்தான் கேட்டு வாங்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் அம்மா