மூன்றாவது கால்சட்டை

மார்ச் 4

என் பிரியத்துக்குரியவருக்கு,

நானும் சின்னவனும் நலம். அவன் கால்சட்டைக்கு நீங்கள் அனுப்பிய நீலத் துணி சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டி அலமாரி மேல் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவனுக்கு ஏழு நடக்கிறது. ஐந்து முடிந்த பையன் எவனும் இந்தத் தெருவில் கவுனில் இல்லை, எனக்கும் கண் இருக்கிறது. டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏம்மா, பசங்க இவனைப் பொண்ணு பொண்ணுன்னு கூப்பிட்டே அழவைக்கிறாங்க. எத்தனை நாளைக்கு இப்படி?" என்றார்.

அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பெரியவனுக்குக் கவுனைக் கழற்றிக் கால்சட்டை மாட்டினோம். பதினோராம் நாள் தொண்டை அடைத்து நம்மை விட்டுப் போனான். நடுவுள்ளவன் ஒன்பதாம் நாள். இவன் கவுனில் இருக்கும்வரை, பெண் குழந்தை என்று நினைத்து அது நம் வாசலைத் தாண்டிப் போய்விடும் என்று தோன்றுகிறது. எது என்று கேட்காதீர்கள், பேர் சொல்லக்கூட வாய் வரவில்லை.

உங்கள் சம்சாரம்.

மார்ச் 12

அடி பைத்தியமே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்துத் தையல் மிஷின்காரர் என்னவென்று எட்டிப் பார்த்தார்.

சின்னப் பையன்களுக்கு எதற்குக் கவுன்? சட்டென்று தூக்கிக் கழுவிவிடலாம், வளர வளர மடிப்பைப் பிரித்து நீளம் விடலாம். அவ்வளவுதான் விஷயம். இருபது வருஷமாகத் தைக்கிறவன் சொல்கிறேன். பிள்ளைகள் போன வருஷங்களில் தெருவெல்லாம் தொண்டைக் காய்ச்சல். துணி என்ன செய்யும்?

கடைத்தெரு டெய்லரிடம் அளவு கொடு. இடுப்பில் இரண்டு விரல் தளர்த்தி வைக்கச் சொல். முடியையும் வெட்டிவிடு. எனக்கு இங்கே சீருடை ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது. மேனேஜர் லீவு தரமாட்டேன் என்கிறார்.

உன் வீட்டுக்காரன்.

மார்ச் 25

என் பிரியத்துக்குரியவருக்கு,

நீங்கள் சிரித்தீர்கள் என்று எழுதியதைப் பத்துத் தடவை படித்திருப்பேன். அந்தத் தைரியத்தில் 22ஆம் தேதி மாட்டிவிட்டேன். கண்ணாடி முன்னால் நின்று, பாக்கெட்டில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, "அம்மா, இனிமே எவனாவது பொண்ணுன்னு சொல்லட்டும், பாக்கறேன்!" என்றான். தெருமுனை வரைக்கும் ஒரே ஓட்டம். நானும் பின்னாலேயே ஓடினேன்.

இன்று நான்காம் நாள். காலையும் மாலையும் வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்க்கிறேன். நேற்று ஒருமுறை இருமினான். தூசி என்கிறான். தூசியாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்று கேட்கட்டுமா? ஊருக்கெல்லாம் தைக்கிறவர், பெற்ற பிள்ளைக்கு மட்டும் ஏன் துணியாக அனுப்பினீர்கள்?

உங்கள் சம்சாரம்.

மார்ச் 30

அன்பே,

கழற்றிவிடு. இதைப் படித்த கையோடு கழற்றிவிட்டுக் கவுனை மாட்டு. இது வந்து சேர்வதற்குள் பதினோராம் நாள் கடந்துவிடும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

முன்னால் அவர்கள் இருவருக்கும் தைத்தது என் கை. இவனுக்கும் மூன்று முறை வெட்டினேன். ஊசியில் நூல் கோர்த்ததோடு சரி. மூன்றையும் தைக்காமலே மூட்டை கட்டிப் போட்டுவிட்டேன். என் கைராசி அப்படி. வேறு ஒருவன் தைத்தாலாவது சின்னவன் பிழைப்பான் என்று நினைத்தேன். நான் சிரித்ததாக எழுதியது பொய். மேனேஜர் லீவு தரவில்லை என்பதும் பொய், இந்த இரண்டு வருஷமாக நான் கேட்கவே இல்லை. நம் வீட்டு வாசலை மிதிக்கவே பயமாக இருக்கிறது.

அந்த இருமல் என்ன ஆயிற்று? ஒரு வரி எழுது. உன் காலில் விழுகிறேன்.

அவன் அப்பா.

ஏப்ரல் 5

சின்னவன் நன்றாக இருக்கிறான். வேறு எதையும் எழுதுமுன் இதை எழுதிவிட்டேன், மூச்சு விடுங்கள்.

இன்று பதினைந்தாம் நாள். பதினோராம் நாள் முழுக்க அவனை மடியை விட்டு இறங்கவிடவில்லை. மறுநாள்தான் எனக்குச் சோறு இறங்கியது. அடுத்த நாளே உங்கள் கடிதம் வந்தது. படித்ததும் போன பயம் இரட்டிப்பாகத் திரும்பி வந்துவிட்டது. உங்கள் சிரிப்பைப் பிடித்துக்கொண்டுதானே நான் துணிந்தேன்? அதையும் பொய் என்றால் நான் எதைப் பிடித்துக்கொள்வது? இரண்டு பிள்ளைகளையும் நினைத்து இத்தனை நாள் நான் ஒருத்தியாகத்தானே அழுதேன்?

நீங்கள் சொன்னபடி கழற்றப் போனேன். கையைக் கடித்துவிட்டான். "அப்பாவே சொன்னாலும் கழட்ட மாட்டேன், போம்மா!" என்று ஓடிவிட்டான். நம் மூவரில் பயமில்லாதவன் அவன் ஒருவன்தான். அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. கவுனை நானே கிழித்துத் துடைக்கிற துணியாக்கிவிட்டேன்.

ஓடிய ஓட்டத்தில் விழுந்து, கால்சட்டை முட்டியில் ஒரு சாண் கிழிசல். கடைத்தெரு டெய்லரிடம் கொடுக்க மாட்டேன். நானும் தைக்க மாட்டேன்.

நீங்கள் வந்து தையுங்கள்.