லாரி ஓட்டினவன் சாட்சி

ஸ்ரீபெரும்புதூர்
26-8-1991

அன்புத் தம்பி தாவீதுக்கு,

வூட்ல கோவிந்தம்மா, பாப்பா நிலா எல்லாரும் சுகமா? ஏழு வருஷம் முன்னே டிவியில பதிமூணு வாரம் ஓடுச்சே நம்ம ‘நாலாம் சாவடி’, அதை இப்போ சினிமாவா எடுக்கிறோம். நானும் பணம் போட்டு ஒரு பங்கு எடுத்திருக்கேன். மரக்கடைக்காரனுக்கு எதுக்குடா சினிமான்னு சிரிக்காதே. அப்போ நான் ஓட்டின லாரியிலேர்ந்து ஹீரோவுக்கு டூப்பா குதிச்சது நீ. உன் மூஞ்சியை ஒரு வாட்டியாவது காட்டினானுங்களா? இந்த வாட்டி நான் காட்டறேன். செப்டம்பர் 8 ஞாயிறு, ஒரகடம் கல்குவாரியில பூஜை. குடும்பத்தோட வா.

உன் அண்ணன்,
புருஷோத்தமன்

ராணிப்பேட்டை
12-9-1991

அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

வந்தோம்ணே. கயித்துக்கு வெளியே நின்னு பார்த்துட்டு, நொண்டிக்கினு உங்ககிட்ட வந்தேன். பட்டுச் சட்டைக்காரர் “யாருய்யா இது?”ன்னாரு. என்னை நேராப் பார்த்தீங்க. “தெரியல சார், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்”னீங்க. நிலா என் கையைப் பிடிச்சுக்கினு இருந்தா. ‘லாரியிலேர்ந்து குதிச்சது எங்கப்பா’ன்னு ஸ்கூல் பூரா சொல்லி வச்சிருக்கிறவ. பஸ்ஸுல கேட்டா: “நிஜமா நீதானாப்பா?”

அது கிடக்கட்டும். இப்போ குதிக்கிற ஆளுகிட்ட சொல்லுங்க: வண்டி போற பக்கம் பார்த்தே குதிக்கணும். கீழே புது வைக்கோல் வேணாம், வழுக்கும். பழசைப் போட்டுத் தண்ணி தெளிக்கணும். என் கால் போனது புது வைக்கோல்லதான்.

தாவீது

ஸ்ரீபெரும்புதூர்
20-9-1991

தாவீது,

மூணு தாளைக் கிழிச்சுட்டு இதை எழுதறேன். பட்டுச் சட்டைக்காரர் படத்தை வாங்க வந்தவர். புது ஹீரோ டூப் இல்லாம தானே குதிக்கிறார்னு அப்பத்தான் அளந்து விட்டிருந்தேன். நீ பக்கத்துல வந்து பழைய கதையை எடுத்தா வியாபாரம் கெட்டுடும்னு பயம். வாய் தவறிச் சொல்லிட்டேன்னு சொல்ல மாட்டேன். யோசிச்சுத்தான் சொன்னேன்.

பழைய வைக்கோலே போட்டோம். கோபால்னு ஒருத்தன் குதிச்சான், ஒரு கீறல் இல்லே. எல்லாரும் ஹீரோவுக்குக் கை தட்டினாங்க. டைட்டில்ல ‘நன்றி: தாவீது’ன்னு போடச் சொல்லியிருக்கேன்.

புருஷோத்தமன்

ராணிப்பேட்டை
27-9-1991

அண்ணே,

உங்க லெட்டரை நிலாகிட்ட காட்டல. டைட்டில்ல நன்றி போடறாங்கன்னு மட்டும் சொன்னேன். “வேடிக்கை பார்க்க வந்தவங்களுக்கும் நன்றி போடுவாங்களாப்பா?”ன்னா.

அதை எடுத்துடுங்கண்ணே.

தாவீது

ஸ்ரீபெரும்புதூர்
3-10-1991

பாப்பா நிலாவுக்கு,

நான்தான்மா குவாரியில உங்கப்பாவைத் தெரியாதுன்னு சொன்ன ஆள். சொன்னது பொய். ‘நாலாம் சாவடி’யில லாரி ஓட்டினவன் நான். பதிமூணு வாரமும் குதிச்சது உங்கப்பா. பக்கக் கண்ணாடியில பார்த்துக்கினே ஓட்டினேன். கடைசி வாரம் கால் உடைஞ்சப்போ தோள்ல தூக்கிக்கினு ஓடினதும் நான்தான். புதுப் படத்துலயும் ஹீரோ குதிக்கல. உங்கப்பா எழுதி அனுப்பினபடி கோபால் குதிச்சான்.

போஸ்டர்ல ‘டூப் இல்லாமல்’னு அச்சாயிடுச்சு. அதை நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லேம்மா. அதுக்குப் பதிலா இந்தக் கடிதம் உன் கையில இருக்கட்டும். ஸ்கூல்ல காட்டு. பத்திரிகைக்காரன்கிட்ட காட்டினாலும் சரி, எழுதினது நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதுக்காகத்தான் கையெழுத்தோட கடை முத்திரையும் குத்தியிருக்கேன்.

புருஷோத்தமன்

(முத்திரை)
புருஷோத்தமன் மரக்கடை
ஸ்ரீபெரும்புதூர்